உன் அம்மாவுக்கு எந்தக் கிழமை லீவு?

கண்ணு, போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "நைனா, லீனா கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்கே போறா. புது ஆள் தேடுறதுக்குப் பதிலா அம்மாவ இங்கயே வரச் சொல்லிடலாம்னு நானும் கவிதாவும் பேசிக்கிட்டோம். விசாவுக்கு நான் எழுதிக்குடுத்தா போதும். லீனா இருந்த ரூம் காலியாத்தான் இருக்கும், அத அம்மாவுக்குக் குடுத்துடலாம். நீங்க அப்புறமா வரலாம்" என்றாய். ஏதோ பழைய அலமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளி வைப்பதைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாய். உன் வீட்டு வேலைக்கு இருக்கிற லீனாவின் அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற மெஷினைத் தாண்டி ஒரு கதவு. உள்ளே படுத்தால் கால் சுவரில் இடிக்கும். நான் ஓட்டிய பஸ்ஸில் கடைசி நீள சீட்டில் இதைவிட வசதியாகப் படுத்திருக்கிறேன்.

போனிலேயே உனக்குப் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, வார்த்தை பின்தங்கிவிடுகிறது. கோபத்தை அடக்கி ஆரம்பித்தாலோ, "நைனா ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது" என்று நீ போய்விடுகிறாய். மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு இறங்குகிற வண்டி நிற்க வேண்டும். நம் பேச்சில் எப்போதும் நான்தான் நின்றுகொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் வேறு கால் வராது. முழுசாகப் படி.

போன வருஷம் உன் அம்மாவும் நானும் ஹாங்காங் வந்து உன்னோடு இருந்தோமே, அதை வைத்துத்தான் பேசுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகள் கவிதாவும் காலையில் ஆபீஸ் போய் இருட்டிய பிறகு வந்தீர்கள், பேத்தி யாழினி பள்ளிக்கூடம் போய் வந்தாள், லீனா சமைத்தாள், நாங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கீழே கப்பல் போவதைப் பார்த்தோம். சனி, ஞாயிறு வந்தால்தான் எனக்குத் தொல்லை. சனிக்கிழமை விடிந்ததும் குழந்தையை நீச்சலுக்கு ஓட்டுவாய். தலை காய்வதற்குள் சீனமொழி டியூஷன். அது முடிந்தால் பியானோ. நடுவில் மெட்ரோவில் நின்றுகொண்டே ரொட்டி. அப்புறம் தமிழ் வகுப்பு, அங்கே அது கொட்டாவி விட்டுக்கொண்டே 'அம்மா, ஆடு' என்று எழுதும். சாயங்காலம் ஒரு பெரிய மாலுக்குள் போய், எதுவும் வாங்காமல், மேலும் கீழும் நடந்துவிட்டு வருவோம். நேரத்துக்கு வண்டி எடுப்பதே பிழைப்பாக இருந்தவன் நான். எனக்கே மூச்சு வாங்கியது. "சண்டே ரிலாக்ஸ் பண்ணலாம் நைனா" என்பாய். அந்த ரிலாக்ஸ் என்ன தெரியுமா? மலை ஏறுவது!

அதை நினைத்தால் கோபத்திலும் சிரிப்பு வருகிறது. ஜவ்வாது மலையில் பிறந்து, வளர்ந்து, அந்த மலைப்பாதையிலேயே பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவனைக் கூட்டிப்போய், கையில் இரண்டு குச்சியைக் கொடுத்து, காலில் பூட்ஸை மாட்டி, சிமெண்டுப் படி போட்ட ஒரு குன்றைக் காட்டி "இதுதான் நைனா இங்க ஃபேமஸ்" என்றாயே! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. உன் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏறிப்போய் உச்சியில் உட்கார்ந்துகொண்டாள். உன் சிநேகிதர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்து அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "இங்க இன்னா வெளையுது?" என்று அவள் கேட்டாள். ஒன்றும் விளையாது, சும்மா ஏறி இறங்குவதுதான் என்றாய். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ கவனிக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சந்தை விஷயம் நடந்தது. தீவுக்குப் படகு பிடிக்கத் துறைமுகத்துப் பக்கம் மேல்நடைபாதை வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் பெண்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, அதன்மேல் வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பைகள், சாப்பாட்டு டப்பாக்கள், துணி மூட்டைகள். ஜமுனாமரத்தூரில் சாக்கை விரித்துப் புளியும் சாமையும் சீத்தாப்பழமும் குவித்துக்கொண்டு உட்காருகிற சந்தையைத்தானே உன் அம்மா பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள்? அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இவ்ளோ நாளு சொல்லவேயில்ல, இங்கயும் சந்த கூடுதே!" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் முன்னால் குந்திவிட்டாள். திறந்திருந்த டப்பாவில் கையை வைத்து, "இது இன்னா வெல?" என்றாள். அது அந்தப் பெண்ணின் மதியச் சாப்பாடு. அந்தப் பெண் திகைத்துப்போய், அப்புறம் சிரித்து, டப்பாவை இவள் பக்கம் தள்ளி, சாப்பிடு என்று ஜாடை காட்டினாள். இவள் ஒரு வாய் எடுத்தும் போட்டுக்கொண்டாள். நீ வந்து தோளைப் பிடித்துத் தூக்கினாய். "அம்மா, இவங்க எல்லாம் வீட்டு வேலை செய்றவங்க. சண்டே அவங்களுக்கு லீவு. போறதுக்கு இடம் இல்லாம இங்க உக்காந்திருக்காங்க. வாங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாய்.

அன்று முழுக்கக் கவிதா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், உன் அம்மாவும் சிரித்தாள். ஆனால் படகில் வரும்போது அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அவங்களுக்கு வாரத்துல ஒரு நாளு லீவா? எல்லாத்துக்குமா?" எல்லாருக்கும்தான், அந்த ஊர்ச் சட்டம் அப்படி என்றேன். "நம்ம லீனாவும் அதுக்குத்தான் ஞாயித்துக்கெழம காலைல குளிச்சு பவுடர் போட்டுனு போறாளா? நான் சர்ச்சுக்குப் போறாளோன்னு இருந்தேன்" என்றாள்.

லீனா போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா. யார் பாத்திரம் கழுவினார்கள்? அவள்தான். யாழினி துணியை மடித்தது, உன் சட்டைக்கு இஸ்திரி போட்டது எல்லாம் அவள்தான். அது போதாதென்று உங்கள் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை விருந்து வேறு. ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து எடுத்துவர வேண்டும் என்று உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பங்கு பிரிப்பீர்கள். உன் பங்குக்கு நீ "எங்கம்மா சாமைப் பொங்கல் செய்வாங்க" என்று பெருமையாகப் போட்டுவிடுவாய். அத்தனை பேருக்கும் அந்தப் பொட்டு அடுப்பில் ஈடு ஈடாகக் கிண்டினாள். விருந்துக்குப் போனால் எங்களைப் போல ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்களை எல்லாம் ஏசிக்குக் கீழே ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவீர்கள். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டோம்: "ரிட்டர்ன் எப்போ? அடுத்து யார் வர்றாங்க, சம்பந்தியா?" பெண் வீட்டார் போனால் பையன் வீட்டார், இவர்கள் போனால் அவர்கள். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நாங்கள் விருந்தாளிகள் இல்லை, ரிலீவிங் டியூட்டி. ஒரு டிரைவர் இறங்கினால் அடுத்தவன் ஏறுவான், வண்டி மட்டும் நிற்காது. சரி, பெற்ற பிள்ளைக்குச் செய்வதுதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

படகில் போய் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா விருந்துக்கு வரவில்லை என்றாள். தலைவலி என்று நீ நினைத்துக்கொண்டாய். உண்மையில் அவள் லீனாவோடு கிளம்பிப் போனாள். இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. அடுப்படியில் கற்றுக்கொண்ட "உப்பு போதும்", "தண்ணி ஊத்து", "பாப்பா தூங்குது" இந்த மூன்றை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் அத்தனை நாள் பேசியிருந்தார்கள். புளிசோறு கட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். நம் ஊரில் புளி தட்டுகிற காலத்தில், இன்றைக்கு இந்த வீட்டு வாசல், நாளைக்கு அந்த வீட்டு வாசல் என்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிப் பேசிச் சிரித்துவிட்டு வருவார்களே, அந்த முகம். "எல்லாரும் கொழந்தைங்கள ஊர்ல வுட்டுட்டு வந்திருக்காங்கங்க. போன்ல காட்டுறாங்க. ஒருத்தி அழுதா, இன்னொருத்தி அவ தலைய வாரி வுட்டா. நம்ம புளிசோறு அத்தனையும் காலி" என்று மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டினாள். பத்து விரலிலும் சிவப்பு நெயில்பாலிஷ். மருதாணியைத் தவிர வேறு ஒன்றும் பார்க்காத விரல்கள் அவை.

அந்தச் சந்தோஷம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. உன் சிநேகிதன் ஒருவன் அந்த வழியாகப் போனபோது பார்த்திருக்கிறான். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, "இது உங்க அம்மா மாதிரி இருக்கே" என்று ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டிருக்கிறான். நீ போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாய். "ஹெல்பர்ஸோட ரோட்ல அட்டை மேல உக்காந்திருக்கீங்க. என் மானமே போச்சு. நாளைக்கு நான் குரூப்ல இருக்கவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று கத்தினாய். சமையலறை வாசலில் லீனா தட்டோடு நின்றிருந்தாள். உன் பாஷை புரியாவிட்டாலும் உன் விரல் யாரைக் காட்டியது என்று அவளுக்குப் புரிந்தது. உன் அம்மா விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நானும் சாப்பிடுகிற வீட்டில் சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது நான் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். தரையில் உட்கார்ந்ததில் எந்த மானம் போச்சுடா? சந்தையில் தரையில் உட்கார்ந்து அவள் விற்ற புளியும் சாமையும்தானே உன் காலேஜ் படிப்புக்குப் பாதி வழி வந்தது? எனக்கு இதில் பொறுக்காதது ஒன்றுதான். போன வருஷம் லீனா பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் உனக்கு அவமானம். இந்த வருஷம் லீனா படுத்த இடத்தில் அவள் படுத்தால் உனக்குச் சௌகரியம். இது எந்த ஊர் நியாயம்?

உன்னைக் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. நீ உழைக்கிற உழைப்பைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை மதியம், குழந்தை நீச்சல் குளத்தில் இருந்தபோது, நீ பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாய். எழுப்ப மனசு வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. வாரம் பூரா ஆபீஸுக்கு வேலை செய்கிறாய், சனி ஞாயிறு ஊரார் கண்ணுக்கு வேலை செய்கிறாய். நான் பஸ் ஓட்டிய காலத்தில் வீக்லி ஆஃப் என்றால் ஆஃப்தான். டெப்போவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். தொடர்ந்து ஓட்டுகிற டிரைவருக்கு வளைவில் கண் சொருகும், பின்னால் இருக்கிற அத்தனை பேரும் பள்ளத்தில் போவார்கள். அதற்காகத்தான் அந்த லீவு. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அந்த வீட்டில் யாரும் எங்கேயும் போகாமல் கிட. பியானோ ஓடிப்போய்விடாது. இதைச் சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். உன் அம்மா கேட்டுவிட்டாள். வீக்லி ஆஃப் பெருமையை நான் அவளிடம் அளந்துகொண்டிருந்தபோது, "ஆமா, உங்களுக்கு ஆஃப்புன்னா எனக்கு டபுள் டூட்டி. கோழி அடி, கொழம்பு வெய்யி, முதுகு தேய்யி" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை மறுநாள் காலையில் அவளிடம் சொன்னேன். வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் ஏறிவிட்டது. அவள் எரிந்து விழுவாள், முடியாது என்பாள், அதை அப்படியே உனக்கு எழுதிப் போட்டுவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். இந்த வயதில் தனியாக இந்த வீட்டில் விளக்குப் போட்டு, தனியாகச் சாப்பிட்டு, யாரோடு சண்டை போடுவேன்? "அந்தப் பொந்துல போய் படுக்கப் போறியாமே நீ?" என்றேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"ரூமு சின்னதா இருந்தா இன்னா? அதுல ஒரு பொம்பள இத்தன வருஷம் இருந்து நம்ம கொழந்தைய வளத்தா. எனக்கு மட்டும் இன்னா கொறஞ்சுடும்? வர்றேன்னு சொல்லுங்க, யாழினிக்காக வர்றேன். ஆனா ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. காலைல கெளம்புனா எங்க போறன்னு கேக்கக்கூடாது. பொழுது சாய்ஞ்சு வந்தா இன்னா லேட்டுன்னு கேக்கக்கூடாது. யாரோட உக்காந்தேன்னு போட்டோ எடுத்து நீட்டக்கூடாது. லீனாவ அப்படிக் கேட்டானா அவன்? அவளுக்குக் குடுத்தத எனக்கும் குடுக்கட்டும். அதுக்கு சரின்னு அவன் வாயால சொன்னா டிக்கெட் போடச் சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே போய்ச் சொல்ல? அவளுக்காக நான் உன்னோடு மல்லுக்கட்டத் தயாராக இருக்கிறேன், அவள் அதைவிட்டு லீவுக்குப் பேரம் பேசுகிறாள். "அப்ப நானு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "நீங்க சோறாக்கக் கத்துக்குங்க. இந்த ஞாயித்துக்கெழமலேர்ந்தே ஆரம்பிங்க, எனக்கும் பழகணும் இல்ல" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இன்றைக்குக் காலையில் அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேரோடு படவேட்டுக் கோயிலுக்கு முதல் பஸ் ஏறிப் போய்விட்டாள். எப்போது வருவாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, நிபந்தனை ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். நான் வைத்த சாமைச் சோறு அடிப்பிடித்துவிட்டது, மேலாக எடுத்து மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

அவள் உன்னிடம் வந்துவிட்டால் எனக்கு இந்த வீடு வீடாக இருக்காது. அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று வேண்டாம். இருந்தாலும் முடிவு அவளுடையது, நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. சரி என்று சொல்வதாக இருந்தால் மனசாரச் சொல், உன் சிநேகிதர்கள் முன்னாலும் அதே சரியைச் சொல்ல முடியுமா என்று யோசித்துவிட்டுச் சொல். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு, சுற்றி வளைக்காதே. எதுவானாலும் என்னிடம் வேண்டாம், அவளிடமே சொல். நீ வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் நெருங்குகிறது. போனை அவள் அலமாரி மேல் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், அடித்தாலும் நான் எடுக்கமாட்டேன். நாளைக்குக் கூப்பிடு. இன்றைக்கு உன் அம்மாவுக்கு லீவு.

நைனா